காலையில் லாரி எடுக்க மாட்டேங்குது: நீலகிரி ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்து நீர்ப்பனி விழ ஆரம்பித்துவிட்டால் விடிவதற்கு முன்பே எனக்குப் போன் வரும். கேத்தி, எமரால்டு, தலைகுந்தா, கோத்தகிரி என்று இடம் மாறும், கேள்வி மாறாது. கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிய வண்டி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அசையாமல் நின்றால் யாருக்கும் பதற்றம் வரும். அந்தப் பதற்றத்தில் செல்ஃபை (என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரை) விடாமல் அடித்து, பேட்டரியை இறக்கி, செல்ஃப் மோட்டாரையும் கருக்கிவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஒரு ஸ்பானரில் தீர்கிற அளவுதான் இருந்திருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை எழுதி வைக்கிறேன்.

இவை மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு: டாடா 407, 709, 1210, பழைய லேலண்ட், ஐஷர் மாதிரி. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் புது வகை காமன் ரெயில் வண்டிக்கு பேட்டரி, எர்த் பற்றிய பதில்கள் மட்டும் பொருந்தும். அந்த வண்டிகளில் நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) வரும் பைப்பின் நட்டில் கை வைக்கவே வேண்டாம். அந்த லைனில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், பீய்ச்சினால் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.

சாவி போட்டா வண்டி எடுக்கல. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கிறதுங்க?

காதிலிருந்தும் கண்ணிலிருந்தும். செல்ஃப் சுற்றவே இல்லையா, சோம்பலாகச் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் இரண்டும் கரண்ட் பக்கக் கோளாறு. மூன்றாவது டீசல், காற்று, கம்ப்ரஷன் பக்கக் கோளாறு. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே வரும் காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அதனால் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் வர வேண்டும், சூடு இருக்க வேண்டும்.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவே ஒரு நிமிடமாவது விடுங்கள். மூன்று தடவையில் பிடிக்கவில்லை என்றால் நாலாவது தடவையிலும் பிடிக்காது. சாவியை எடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பாருங்கள்.

'டக்'குனு ஒரு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் சுத்தல. பேட்டரி போயிடுச்சா?

அப்படி உடனே சொல்லிவிட முடியாது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சுருங்கி அணைகிற மாதிரி போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் அப்படியே இருந்து 'டக்' சத்தம் மட்டும் வந்தால், சோலனாய்டுக்குள் (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) காப்பர் காண்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது செல்ஃபின் கார்பன் பிரஷ் முடிந்திருக்கும். வெளிச்சமும் குறையாமல் சத்தமும் வராமல் இருந்தால் சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், சோலனாய்டுக்குப் போகும் சின்ன வயர், இந்த வரிசையில் பாருங்கள். 'டகடகடக' என்று அடித்தால் அது பெரும்பாலும் பேட்டரிதான்.

செல்ஃப் மட்டும் 'விர்ர்' என்று தனியாக ஓடி என்ஜின் அசையாவிட்டால், செல்ஃபின் பல்லை என்ஜினோடு கோக்கும் பென்டிக்ஸில் கோளாறு. சில சமயம் ஃப்ளைவீலைச் சுற்றி, செல்ஃபின் பல் கடிக்கும் ரிங் கியரில் ஓர் இடத்தில் மட்டும் பல் தேய்ந்திருக்கும். டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி என்ஜினை அசைத்துவிட்டால் அப்போதைக்கு எடுக்கும். சாவி ஆஃபில் இருக்கட்டும், ஸ்டியரிங்கில் ஓர் ஆள் இருக்கட்டும். சரிவில் இதைச் செய்யாதீர்கள்.

பேட்டரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. மத்தியானம் நல்லா சுத்துது, காலைல மட்டும் இழுக்க மாட்டேங்குது?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய 12 டிகிரி குளிர் பொதுவாகக் கூடுதல். உறைபனி விழும் இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும். அந்தக் குளிரில் பேட்டரி தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். அதே நேரத்தில் என்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கும். கீழே சமவெளியில் சமாளிக்கும் பேட்டரி மேலே காலையில் கைவிடுவது இதனால்தான்.

ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் வோல்ட்மீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 12.6 இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. மூடி திறக்கிற பேட்டரி என்றால், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும்: எல்லாச் செல்லிலும் 1.240க்கு மேல் இருந்தால் நல்லது. ஒரு செல் மட்டும் மற்றதைவிட 0.050 இறங்கியிருந்தால் அந்தச் செல் போய்விட்டது, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது.

பேட்டரி நன்றாக இருந்தும் தினமும் இறங்கினால் சார்ஜிங்கைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவில் இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து தேயிலை ஃபேக்டரி வரை நாலு கிலோமீட்டர், திரும்ப நாலு கிலோமீட்டர், அதுவும் மஞ்சில் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு முதல் கியரில். அப்படி ஓடும் வண்டியில் செல்ஃப் எடுத்த கரண்டே திரும்ப ஏறாது. வாரத்துக்கு ஒரு தடவை வெளியே சார்ஜ் போடுவதுதான் வழி. ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். 10 முதல் 15 மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கினால் தளர்வு. ஆயில் 20டபிள்யூ-40 ஊற்றியிருந்தால் அடுத்த தடவை மாற்றும்போது 15டபிள்யூ-40க்குப் போங்கள். வண்டிப் புத்தகத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் 'எர்த்தைப் பாரு'ன்னு சொல்றாங்க. அதுல என்ன பார்க்கிறது?

எர்த் என்பது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸுக்கு ஒரு தடித்த வயர் போகும். என்ஜினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ சேசிஸுக்குப் பின்னலான ஒரு பட்டை போகும். முதலாவதை எல்லோரும் பார்ப்பார்கள், இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழையும் மஞ்சும். அந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறிவிடும், மேலே பார்த்தால் தெரியாது. கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

எர்த் கெட்டதற்கு ஓர் அடையாளம் உண்டு. செல்ஃப் அடித்தபின் ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, அதன் உறை இளகிப் புகை வந்தாலோ, செல்ஃபின் கரண்ட் முழுக்க அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். புது பேட்டரி, புது செல்ஃப் இரண்டையும் மாற்றியும் தீராத வண்டி இந்தப் பட்டையைத் தேய்த்ததும் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மீட்டர் இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

செல்ஃப் நல்லா சுத்துது, டேங்க்ல டீசல் இருக்கு, ஆனா பிடிக்கவே மாட்டேங்குது.

ஒரு ஆளை சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லி செல்ஃப் அடியுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை. கறுப்பாக அடைத்துக்கொண்டு வந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தோட்டத்து ஷெட்டில் நிறுத்துகிற வண்டியில் எலி கூடு கட்டியிருக்கும்.

புகை இல்லாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் கேபிள். வண்டியை அணைக்க இழுத்த நாப்பை உள்ளே தள்ளிவிட்டீர்களா? நாப் உள்ளே போனாலும், குளிரில் கேபிள் இறுகி, பம்பில் இருக்கும் லீவர் திரும்பாமல் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து அந்த லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். சாவியிலேயே அணைகிற வண்டி என்றால் பம்பில் ஸ்டாப் சோலனாய்டு இருக்கும். சாவியை ஆன் செய்யும்போது மெதுவாக ஒரு 'டிக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதன் வயர் கழன்றிருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். இரண்டும் சரி, அப்போதும் புகை இல்லை என்றால், ஏர் பிடித்திருக்கிறது, அதாவது டீசல் லைனுக்குள் காற்று புகுந்திருக்கிறது.

ஏர் எடுக்கிறது எப்படிங்க? ரோட்ல நானே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஒவ்வொரு ஓட்டுநரும் கிளீனரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது. வண்டியில் இரண்டு மூன்று ஸ்பானர், ஒரு சுத்தமான துணி, காப்பர் வாஷர் நாலைந்து வைத்திருங்கள். டேங்கிலிருந்து என்ஜினை நோக்கி வரிசையாக வர வேண்டும். நடுவில் தாண்டினால் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பில் இருக்கும் ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சின்னப் பம்ப்) அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி குமிழியாக வரும், கடைசியில் நூல் மாதிரி தெளிவாக டீசல் வரும். பிரைமரை அழுத்தியபடியே ஸ்க்ரூவை இறுக்குங்கள், விட்டுவிட்டு இறுக்கினால் மறுபடி காற்று ஏறும். இரண்டு ஃபில்டர் இருந்தால் இரண்டாவதிலும் இதையே செய்யுங்கள். அடுத்து பெரிய டீசல் பம்பின் ஏர் ஸ்க்ரூ, அதே முறை. பிரைமர் இப்போது கையில் கெட்டியாகத் தெரியும்.

இதோடு எடுத்துவிட்டால் சரி. எடுக்கவில்லை என்றால் நாசில் பக்கம் இருக்கும் பைப் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நட்டில் டீசல் துடித்துத் துடித்து வரும். என்ஜின் இரண்டு சிலிண்டரில் பிடித்தவுடன் நட்டுகளை இறுக்குங்கள். முகத்தையோ கையையோ அருகே கொண்டுபோகாதீர்கள். சிந்திய டீசலை ரோட்டிலிருந்து மண் போட்டுத் துடைத்துவிடுங்கள். வளைவில் டீசல் கிடந்தால் பின்னால் வரும் பைக்காரர் விழுவார்.

ஏர் எடுத்தா ஓடுது. மறுநாள் காலைல மறுபடி அதே கதை. ஏன்?

ஏர் தானாக வராது, எங்கேயோ வழி இருக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதி டீசலை உறிஞ்சுகிற பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெடித்த ரப்பர் ஹோஸ், பலமுறை இறுக்கித் தட்டையான காப்பர் வாஷர், ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் ரிங், பிரைமரின் அடிப்பகுதி, இந்த நாலும்தான் வழக்கமான இடங்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸைப் போட்டு என்ஜினை ஓடவிட்டால் குமிழி ஓடுவது தெரியும்.

மலையில் இன்னொரு காரணம் உண்டு, சமவெளி மெக்கானிக்குகளுக்கு இது சட்டென்று பிடிபடாது. வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்? மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் என்ஜின் உயரத்திலும் டேங்க் தாழ்விலும் இருக்கும். ஃபீட் பம்பின் வால்வு லேசாகத் தேய்ந்திருந்தாலும் ராத்திரி முழுக்க டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். அதே வண்டி தட்டையான இடத்தில் நின்றால் காலையில் ஒரே சுற்றில் எடுக்கும். ஒரு நாள் மூக்கு மேட்டிலும், ஒரு நாள் மூக்கு பள்ளத்திலும் நிறுத்திப் பாருங்கள், எப்படி நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கட்டை போட்டு. பள்ளத்தைப் பார்த்து நின்ற காலையில் எடுத்து, மேட்டைப் பார்த்து நின்ற காலையில் எடுக்காவிட்டால், ஃபீட் பம்ப் வால்வும் வாஷர்களும்தான் செலவு. பெரிய பம்பில் கை வைக்க வேண்டியதில்லை.

வெள்ளைப் புகை குபுகுபுன்னு வருது, ஆனா பிடிக்கல.

டீசல் போகிறது, சூடு போதவில்லை. குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டி என்றால் அதுதான் முதல் சந்தேகம். மேலே இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரியாத இடத்தில் பிளக் போய்விட்டது. எல்லாம் எரிந்தால், சாவி போட்டதும் அந்தப் பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், ரிலே போயிருக்கலாம்.

பிளக்கும் சரி, அல்லது பிளக்கே இல்லாத வண்டி என்றால், செல்ஃபின் வேகத்தைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்று சூடாவதற்குள் சூடு சிலிண்டர் சுவரில் போய்விடும். பேட்டரி பற்றி மேலே சொன்னதற்கே திரும்பிப் போங்கள். வேகமும் இருந்து, மேட்டுப்பாளையத்தில் அரைச் சுற்றில் எடுக்கிற வண்டி ஊட்டியில் புகை மட்டும் விட்டால், கம்ப்ரஷன் குறைய ஆரம்பித்திருக்கிறது. ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே மறைந்து கிடக்கும் ரிங், வால்வு தேய்மானம் இங்கே வெளியே வந்துவிடும். நாசில் சொட்டுவதும் பம்ப் டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) தள்ளிப்போவதும் இதே புகையைத் தரும், அது பட்டறை வேலை.

உறைபனில டீசல் கட்டியாயிடுச்சுன்னு சொல்றாங்களே, மண்ணெண்ணெய் கலக்கலாமா?

கலக்க வேண்டாம். டீசலில் மெழுகு இருக்கிறது, குளிர் கூடினால் அது பிரிந்து ஃபில்டரை அடைக்கும் என்பது உண்மை. ஆனால் 'கட்டியாயிடுச்சு' என்று என்னிடம் வந்த ஃபில்டர்களில் பெரும்பாலும் இருந்தது தண்ணீர். டேங்கைப் பாதியில் விட்டு நிறுத்தினால், மீதி இடத்தில் இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து உள்சுவரில் வேர்த்து, தண்ணீராக அடியில் தங்கும். சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடுங்கள். வாரம் ஒரு தடவை, வண்டி எடுப்பதற்கு முன், ஃபில்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்பது தெரியும். டீசல் மட்டும் வரும்வரை விட்டு மூடுங்கள், பிறகு ஏர் எடுங்கள்.

மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு இல்லை. டீசல் பம்புக்கு எண்ணெய் போடுவது டீசல்தான், அது மெலிந்தால் பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சர் தேயும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படி குற்றமும்கூட. பெட்ரோல் கலப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

பம்ப் மேல வெந்நீர் ஊத்தலாமா? அடியில நெருப்பு வைக்கலாமா? ஸ்ப்ரே அடிக்கலாமா?

மூன்றும் வேண்டாம். குளிர்ந்த பம்ப் உடலில் கொதிநீர் பட்டால் வெளியே விரிந்து உள்ளே விரியாமல் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும், வெடிப்பும் விடலாம். ஆயில் சம்ப் (என்ஜின் கீழே ஆயில் தங்கும் தொட்டி) அடியில் விறகு எரிப்பதை மலையில் இன்னும் பார்க்கிறேன். ஆயில் கசிவும் டீசல் கசிவும் உள்ள பழைய வண்டியில் அது வண்டியையே கொளுத்திவிடும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைக்கும். சூடேற்றியே ஆக வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை இன்லெட் மேனிஃபோல்டிலும் ஃபில்டரிலும் சுற்றுங்கள். ராத்திரி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்து காலையில் மாட்டுவது இதைவிட நல்ல பலன் தரும்.

இறக்கத்துலதானே நிக்குது, உருட்டி கியர் போட்டு எடுத்துக்கலாம்ல?

லோடு வண்டியில் வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இல்லை, ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் மிச்சமிருக்கும் காற்றுதான், கம்ப்ரஸர் நிரப்பாது. பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். குன்னூர் இறக்கத்திலோ கல்லட்டியிலோ என்ஜின் பிடிக்காமல் போனால் அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் நிறுத்த எதுவும் இருக்காது. லோடு இல்லாத வண்டி, முன்னால் நீளமான தட்டை ரோடு, ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்றால் மட்டும் இரண்டாவது கியரில் தள்ளி எடுங்கள்.

வேற வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்து எடுக்கலாமா?

எடுக்கலாம், வோல்ட் ஒன்றாக இருந்தால். 12 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் லாரியிலிருந்து கொடுத்தால் பேட்டரி வெடிக்கும். பாசிட்டிவுக்கு பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். நெகட்டிவின் கடைசி முனையை நின்றுபோன வண்டியின் என்ஜின் பிளாக்கில் மாட்டுங்கள், பேட்டரியில் அல்ல. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பொறி அதனருகே பறக்கக் கூடாது. இரண்டு பேட்டரி உள்ள 24 வோல்ட் வண்டியில் ஒன்று கெட்டால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

கீழிருந்து லோடோட ஏறி வந்து பர்லியார்ல டீ குடிக்க நிறுத்தினேன். சூடா இருக்கும்போது எடுக்கல, ஆறினப்புறம் எடுத்துச்சு. இது எப்படி?

இது காலைக் கோளாறுக்கு நேர் எதிர். செல்ஃப் சோம்பினால், சூட்டில் செல்ஃப் மோட்டாரின் புஷ் பிடிக்கிறது, அல்லது எர்த்தும் டெர்மினலும்தான். செல்ஃப் வேகமாகச் சுற்றியும் புகை இல்லை என்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது. சூடான டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த பிளஞ்சரின் இடுக்கில் திரும்பி ஒழுகிவிடும். ரோட்டரி பம்பில் இது அடிக்கடி வரும். ஈரத்துணியை பம்ப் மேல் போட்டுக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள், தண்ணீரைக் கொட்டாதீர்கள். துணி போட்டதும் எடுத்தால் சந்தேகம் உறுதி.

செல்ஃப் அடிச்சா பாதி சுத்துல 'டொக்'குனு நின்னுடுது. இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பார்க்கவா?

கையை எடுங்கள், அடிக்கவே கூடாது. முந்தின நாள் ஏற்றத்தில் வண்டி சூடானதா, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) விட்டிருந்தால் ராத்திரியில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி நிற்கும். தண்ணீர் அழுந்தாது, பிஸ்டன் வந்து முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். நாசில்களைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் ஆயிலும் கெட்டுவிட்டது, மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

மெக்கானிக் பம்பை இறக்கணும்னு சொல்றார். இறக்கலாமா?

சில சமயம் அவர் சொல்வது சரிதான், ஆனால் பம்ப் வேலை பெரிய செலவு. இறக்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்: ஃபில்டர் புதிதாகப் போட்டு ஏர் எடுத்தாயிற்றா, உறிஞ்சும் பக்க ஹோஸும் வாஷரும் மாற்றியாயிற்றா, ஒரு கேனில் டீசல் வைத்து நேராக ஃபீட் பம்புக்கு ஹோஸ் போட்டு ஓட்டிப் பார்த்தாயிற்றா. கேனில் நன்றாக எடுத்தால் கோளாறு டேங்க் பக்கம். கேனிலும் எடுக்கவில்லை, ஸ்டாப் லீவரும் சரி, நாசில் நட்டில் டீசல் துடித்து வரவில்லை என்றால் இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்கினால் நாசில்களையும் சேர்த்தே கொடுத்து அழுத்தம் பார்த்து வாங்குங்கள். பம்பைத் திரும்ப மாட்டும்போது டைமிங் மார்க் பொருந்தியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், ஒரு பல் தள்ளினாலும் அடுத்த காலையில் வெள்ளைப் புகைதான்.